தோற்ற ஆட்டத்தை மறுபடி போட்டுப் பார்ப்பது எப்படி: பயந்து ஆடினார்களா, ஆட விடவில்லையா?

தோற்ற இரவில் கால்பந்து ரசிகர் வாயில் வரும் குற்றச்சாட்டு பெரும்பாலும் ஒன்றே: "ஒரு கோல் போட்டதும் பின்னாடி போய் உட்கார்ந்துட்டாங்க." சில நேரம் அது நூற்றுக்கு நூறு உண்மை. சில நேரம் அணி தானாகப் பின்னால் போயிருக்காது. எதிரணி தள்ளிக்கொண்டு போய் உட்கார வைத்திருக்கும். டிவியில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டுக்கும் திட்டு வாங்குபவரும் ஒருவரே, பயிற்சியாளர்.

இரண்டையும் பிரித்தறிய ஆட்டத்தை மறுபடி போட்டு எண்ண வேண்டும். மென்பொருள் எதுவும் வேண்டாம். முழு ஆட்டத்தின் பதிவு, கோடு போட்ட நோட்டு, இரண்டு நிறப் பேனா, மொபைலில் ஸ்டாப்வாட்ச், மூன்றிலிருந்து நான்கு மணி நேரம், இவ்வளவு போதும். ஹைலைட்ஸ் உதவாது. அதில் இருப்பது ஷாட்டுகள். நாம் தேடுவது ஷாட் வராத நிமிடங்களை.

உதாரணத்துக்கு, இந்தக் குற்றச்சாட்டை நிறையக் கேட்ட ஓர் அணியையே எடுத்துக்கொள்வோம்: பயிற்சியாளர் காரெத் சவுத்கேட்டின் இங்கிலாந்து. 2016 முதல் 2024 வரை 102 ஆட்டங்கள், இரண்டு யூரோ (ஐரோப்பியக் கோப்பை) இறுதிகள், ஓர் உலகக் கோப்பை அரையிறுதி. இவ்வளவுக்குப் பிறகும் 2024 ஜூனில் கொலோன் நகரில் ஸ்லோவேனியாவுடன் 0-0 என்று முடிந்தபோது இங்கிலாந்து ரசிகர்களே அவர் பக்கம் பிளாஸ்டிக் கோப்பைகளை எறிந்தார்கள். நாம் அதிகம் அலசப்போவது 2021 ஜூலை 11 அன்று வெம்பிளியில் நடந்த யூரோ 2020 இறுதி. 2-வது நிமிடத்தில் இங்கிலாந்தின் லூக் ஷா கோல், 67-ல் இத்தாலியின் பொனூச்சி சமன், 120 நிமிடம் முடிந்து பெனால்டியில் இத்தாலி 3-2.

கோபத்தை முதலில் எழுதி வையுங்கள்

மறுபடி பார்ப்பதற்கு முன்பே, நினைவில் இருக்கும் குறைகளை எல்லாம் நோட்டில் எழுதிவிடுங்கள். பார்த்துக்கொண்டே எழுதினால், கண்ணில் படுவதற்கு ஏற்றபடி குற்றச்சாட்டும் நகர்ந்துகொண்டே போகும். அன்றைக்கே உட்காராதீர்கள், இரண்டு நாள் போகட்டும். ஐரோப்பிய இறுதி ஆட்டம் என்றால் இந்திய நேரம் நள்ளிரவு 12:30-க்குத் தொடங்கும். கூடுதல் நேரம், பெனால்டி எல்லாம் சேர்ந்தால் மூன்று மணி தாண்டிவிடும். அந்த அரைத்தூக்கத்தில் பார்த்த கடைசி அரை மணி நேரம்தான் நினைவில் பெரிதாக நிற்கும்.

எழுதியதை எண்ணக்கூடிய வாக்கியமாக மாற்றுவதுதான் அடுத்த வேலை. "தைரியமே இல்லை" என்பதை எண்ண முடியாது. "பந்தைப் பறித்த பிறகு மூன்று பாஸ் கூடக் கொடுக்கவில்லை" என்பதை எண்ணலாம். "ஐந்து டிஃபென்டர் வைத்துப் பயந்துவிட்டார்" என்பதை "பந்தைப் பறித்தபோது அதற்கு முன்னால் இரண்டு பேருக்கு மேல் யாரும் இல்லை" என்று மாற்றுங்கள். "சப்ஸ்டிட்யூஷன் தாமதம்" என்றால் எதற்குப் பிறகு தாமதம், எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். இப்படி மாற்ற முடியாத குறை இருந்தால் அடித்துவிடுங்கள். அது வருத்தம், வருத்தத்துக்குக் கணக்கு கிடையாது.

ஆட்டத்தைத் துண்டு போடுவது

பலர் 15 நிமிடத்துக்கு ஒரு துண்டு என்று வெட்டுவார்கள். அது வசதி, ஆனால் ஆட்டம் அப்படி மாறுவதில்லை. கோல், சிவப்பு அட்டை, காயம், ஆள் மாற்றம், ஃபார்மேஷன் (ஆட்கள் நிற்கும் அமைப்பு) மாற்றம் ஆகியவற்றால்தான் மாறுகிறது. யூஃபா (ஐரோப்பியக் கால்பந்து அமைப்பு), ஃபிஃபா (உலக அமைப்பு) தளங்களின் ஆட்டப் பக்கத்தில் இந்த நிமிடங்கள் எல்லாம் கிடைக்கும். இரு அணிக்கும் சேர்த்து எழுதுங்கள். பெரும்பாலான ரசிகர்கள் தங்கள் அணியின் மாற்றங்களை மட்டும் குறித்துக்கொண்டு எதிரணிப் பயிற்சியாளர் என்ன செய்தார் என்பதையே விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் விடை பாதி ஒளிந்திருக்கும்.

வெம்பிளி இறுதியை இப்படி வெட்டலாம்: 2 முதல் 54 வரை, 54-ல் இத்தாலி இருவரை மாற்றியது, 67-ல் சமன், 70-ல் ட்ரிப்பியருக்குப் பதில் சாகா வந்து இங்கிலாந்து நான்கு பேர் பின்களத்துக்கு மாறியது, அங்கிருந்து 90 வரை, பிறகு கூடுதல் நேரம். இதில் 54 முதல் 70 வரையிலான 16 நிமிடங்களுக்கு நோட்டில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். ஏன் என்று கீழே வரும்.

பின்கள வரிசையின் உயரம்

முதல் சுற்றில் இதை மட்டும் பாருங்கள். 1.5 மடங்கு வேகத்தில் ஓட்டலாம். எதிரணி தன் பாதியிலோ நடுவட்டத்திலோ நிதானமாகப் பந்தை வைத்திருக்கும் நொடியில் நிறுத்தி, உங்கள் அணியின் கடைசி டிஃபென்டர் கோல் கோட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்று குறியுங்கள். கோல்கீப்பரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஒவ்வொரு துண்டுக்கும் பத்து மாதிரி போதும்.

தூரத்தை மைதானக் கோடுகளே சொல்லிவிடும். பெனால்டி பெட்டியின் விளிம்பு 16.5 மீட்டர். அதன் மேலுள்ள வளைவின் உச்சி ஏறக்குறைய 20 மீட்டர். 105 மீட்டர் நீள மைதானத்தில் நடுவட்டத்தின் உங்கள் பக்க விளிம்பு 43 மீட்டரை ஒட்டி வரும், நடுக்கோடு 52.5. இடைப்பட்ட இடத்துக்குப் புல்வெட்டிய பட்டைகளைப் பயன்படுத்துங்கள். பல மைதானங்களில் பெட்டிக்குள் மூன்று பட்டைகள் இருக்கும், அப்படியானால் ஒரு பட்டை 5.5 மீட்டர்.

கார்னர், ஃப்ரீ கிக், எதிரணியின் கவுன்ட்டர் அட்டாக் நொடிகளை எடுக்காதீர்கள். அப்போது எந்த அணியும் பின்னால்தான் இருக்கும். அவற்றைச் சேர்த்தால் பார்சிலோனா கூடத் தற்காப்பு அணியாகத் தெரியும்.

உத்தேசமாக, சராசரி 40 மீட்டரைத் தொட்டால் உயரமான வரிசை. 28 முதல் 35 என்றால் நடுத்தரம். 20-ஐ ஒட்டினால் பெட்டிக்குள் குடியேறிவிட்டார்கள். ஆனால் இந்த ஓர் எண்ணை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதக் கூடாது. 20 மீட்டரில் நின்றுகொண்டு கோப்பை வாங்கிய அணிகள் உண்டு. கிரீஸ் 2004 யூரோவில் நாக்அவுட் ஆட்டங்கள் மூன்றையும் 1-0 என்றே வென்றது. போர்ச்சுகல் 2016-ல் குழு ஆட்டங்கள் மூன்றையும் சமன் செய்து, 90 நிமிடத்துக்குள் ஒரே ஓர் ஆட்டத்தை (வேல்ஸ், 2-0) வென்று, இறுதியில் எடரின் 109-வது நிமிட கோலால் கோப்பையைத் தூக்கியது. பின்னால் நிற்பது ஒரு முடிவு. அங்கிருந்து வெளியே வர வழி வைத்திருந்தார்களா என்பதே பார்க்க வேண்டிய விஷயம்.

பறித்த பந்து எங்கே போகிறது

நேரம் குறைவாக இருந்தால் மற்றதை விட்டுவிட்டு இதை மட்டுமாவது செய்யுங்கள். சாதாரண வேகத்தில் ஓட்டி, உங்கள் அணி பந்தைப் பறிக்கும் ஒவ்வொரு முறையும் நான்கு விஷயங்களைக் குறியுங்கள். மைதானத்தை மூன்றாகப் பிரித்தால் எந்தப் பகுதியில் பறித்தார்கள்? பறித்த நொடியில் பந்துக்கு முன்னால் நம்மவர் எத்தனை பேர்? அதன் பிறகு எத்தனை பாஸ் சரியாகப் போனது? பந்து நடுக்கோட்டைத் தாண்டியதா? கோல்கீப்பர் கைப்பற்றிய பந்தும் இதில் சேரும். அவர் பக்கத்தில் கொடுத்தாரா, நீளமாக உதைத்தாரா என்று ஓரத்தில் ஒரு குறி போடுங்கள்.

ஒரு வரி இப்படி இருக்கும்: "58:20, பின்பகுதி, முன்னால் 1, பாஸ் 1, தாண்டவில்லை." 90 நிமிடத்தில் இது போல ஐம்பது அறுபது வரி சேரும். கை வலிக்கும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் குறிக்க முடியாவிட்டால் சந்தேகமான துண்டையும் அதற்கு முந்தைய துண்டையும் மட்டும் எண்ணி ஒப்பிடுங்கள்.

பறித்த பந்துகளில் பாதிக்கு மேல் இரண்டு பாஸுக்குள் எதிரணியிடமே திரும்பிப் போனால் அணி சிறைப்பட்டிருக்கிறது என்று பொருள். பந்தை அடித்து வெளியேற்றுகிறார்கள், அது உடனே திரும்பி வருகிறது, மறுபடி அடிக்கிறார்கள். பின்கள ஆட்டக்காரர்களுக்கு மூச்சு வாங்க நேரமில்லை. அடுத்த பத்து நிமிடத்தில் ஒரு கார்னரோ ஃபவுலோ வந்தே தீரும். பொனூச்சியின் சமன் கோல் கார்னரிலிருந்துதான் வந்தது: வெர்ராட்டியின் தலைமுட்டலை இங்கிலாந்து கோல்கீப்பர் பிக்ஃபோர்டு தட்ட, அது கம்பத்தில் பட, பொனூச்சி தள்ளிவிட்டார். "கார்னர் டிஃபென்ஸ் சரியில்லை" என்று அந்த ஒரு நொடியைப் பிடித்துத் தொங்குவதைவிட, அந்தக் கார்னர் வருவதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் எத்தனை பந்து வெளியேறாமல் திரும்பி வந்தது என்று பாருங்கள்.

இனி, பயந்தார்களா, முடியவில்லையா என்று பிரிக்கும் இடம். பந்தைப் பறித்த பிறகு வரும் முதல் மூன்று நொடியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். யாராவது முன்னோக்கி ஓடுகிறார்களா? ஓடியும் பாஸ் தவறினால் அது ஆட்டக்காரரின் பிழை. ஓடியவரை எதிரணி ஏற்கெனவே மறித்து நின்றால் பெருமை எதிரணிக்கு. ஒருவருமே ஓடவில்லை என்றால்தான் திட்டத்தின் மேல் சந்தேகம் வர வேண்டும். அப்போதும் ஒரு சரிபார்ப்பு பாக்கி இருக்கிறது: அதே ஆட்டக்காரர் 20-வது நிமிடத்தில் இதே நிலையில் ஓடினாரா? அப்போது ஓடி 75-ல் ஓடவில்லை என்றால் அது களைப்பு. களைப்புக்குப் பொறுப்பு ஆள் மாற்றத்தில் இருக்கிறது, தைரியத்தில் இல்லை. 20-லும் ஓடவில்லை என்றால் ஓடாதே என்றுதான் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

இங்கே கேமரா உங்களை ஏமாற்றும். ஒளிபரப்புக் கேமரா பந்தின் பின்னாலேயே போகும். பந்திலிருந்து நாற்பது மீட்டர் தள்ளி ஸ்ட்ரைக்கர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பது படத்திலேயே இருக்காது. ஒரு வழி: கேமரா அகலமாகத் திறக்கும் கோல் கிக், கோல்கீப்பர் வீசும் பந்து, நீண்ட கிளியரன்ஸ் ஆகியவற்றை மட்டும் தனியாக எடுத்து ஆட்களை எண்ணுங்கள். மொத்த மைதானமும் தெரியும் டாக்டிக்கல் கேமராப் பதிவு கிடைத்தால் அதிர்ஷ்டம்.

எதிரணி மாற்றியதும் நம்மவர் மாற்றினார்களா

வெம்பிளியில் இங்கிலாந்து தொடங்கியது 3-4-3, அதாவது பின்னால் மூவர், நடுவில் நால்வர், முன்னால் மூவர். வாக்கர், ஸ்டோன்ஸ், மெக்வயர் மூவரும் சென்ட்டர்-பேக் (நடுப் பின்கள ஆட்டக்காரர்). ட்ரிப்பியரும் ஷாவும் விங்-பேக், பக்கவாட்டில் மேலும் கீழும் ஓடுபவர்கள்; அவர்கள் கீழே இறங்கினால் பின்னால் ஐவர். நடுவில் ரைஸ், ஃபிலிப்ஸ். ட்ரிப்பியர் கிராஸ் அடிக்க ஷா முடித்த கோல் இந்த ஏற்பாட்டின் நேரடி விளைவு: ஒரு விங்-பேக் கொடுத்து மறு விங்-பேக் அடித்தது. ஆகவே "ஐந்து டிஃபென்டர் வைத்ததுதான் தப்பு" என்ற குற்றச்சாட்டு 2-வது நிமிடத்திலேயே விழுந்துவிடுகிறது.

54-ல் இத்தாலிப் பயிற்சியாளர் மன்சீனி என்ன செய்தார் என்று பாருங்கள். ஸ்ட்ரைக்கர் இம்மோபிலேயை வெளியே எடுத்தார். பெரார்டி வலப்பக்கம் போனார், கியேசா இடப்பக்கம் மாறினார், இன்சீன்யே நடுவுக்கு வந்து நிலையான ஸ்ட்ரைக்கர் இல்லாத ஆட்டம் ஆடினார். கூடவே பரெல்லாவுக்குப் பதில் கிறிஸ்தான்தே. இப்போது கணக்குப் போடுங்கள். இங்கிலாந்தின் மூன்று சென்ட்டர்-பேக்குகளுக்கு எதிரே பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. நடுகளத்தில் ரைஸ், ஃபிலிப்ஸ் இருவருக்கு எதிரே ஜோர்ஜீன்யோ, வெர்ராட்டி, கிறிஸ்தான்தே, கீழிறங்கி வரும் இன்சீன்யே என நால்வர். பின்னால் ஆள் மிச்சம், நடுவில் பற்றாக்குறை. அதை நிரப்ப முன்வரிசையின் மவுன்ட்டும் ஸ்டெர்லிங்கும் கீழே இறங்கினால் பறித்த பந்தை வாங்க முன்னால் ஸ்ட்ரைக்கர் கேன் ஒருவர்தான் இருப்பார். அவருக்கும் கீழே வந்து பந்து வாங்கும் பழக்கம் உண்டு.

எதிரணி அமைப்பை மாற்றிய நிமிடத்துக்கும், அதற்குப் பதிலாக நம் பயிற்சியாளர் அமைப்பை மாற்றிய நிமிடத்துக்கும் உள்ள இடைவெளியை எழுதுங்கள். இங்கே 54, 70, பதினாறு நிமிடம். அந்த இடைவெளிக்குள் இன்சீன்யேயின் ஷாட் ஒன்றையும் கியேசாவின் ஷாட் ஒன்றையும் பிக்ஃபோர்டு தடுத்தார், 67-ல் கோல் விழுந்தது. எங்கள் கருத்தில் சவுத்கேட்மீது அன்று வைக்கத்தக்க சரியான குற்றச்சாட்டு இதுதான். தொடக்க ஏற்பாட்டில் குறை இல்லை. மாற்றத்துக்குப் பதில் சொல்லத்தான் தாமதம், அதுவும் கோல் விழுந்த பிறகு.

ஆள் மாற்ற எண்ணிக்கையும் இதை ஒட்டியே வருகிறது. அந்தத் தொடரில் ஐந்து பேரை மாற்றலாம், கூடுதல் நேரம் போனால் ஆறாவது ஆள். 90 நிமிடத்துக்குள் இங்கிலாந்து மாற்றியது இருவர்: சாகா 70, ஹெண்டர்சன் 74. இத்தாலி மாற்றியது மூவர், அதில் ஒன்று காயத்தால் வெளியேறிய கியேசா. கிரீலிஷ் வந்தது 99-ல். ராஷ்ஃபோர்டும் சான்ச்சோவும் 120-ல், பெனால்டி அடிப்பதற்காகவே. மாற்றங்களை எழுதும்போது நிமிடத்தை மட்டும் எழுதாமல், யார் வெளியே போனார், வந்த பிறகு அமைப்பு மாறியதா, ஆள் மட்டும் மாறினாரா என்பதையும் குறியுங்கள். ஓர் அட்டாக்கரை எடுத்து இன்னோர் அட்டாக்கரைப் போடுவது களைப்புக்கு மருந்து. அமைப்புச் சிக்கலுக்கு அது தீர்வு ஆகாது. "இன்னொரு ஸ்ட்ரைக்கரைப் போட்டிருக்க வேண்டும்" என்று பலர் கத்துவார்கள். நடுகளத்தில் பந்தே கிடைக்காத அணிக்கு இரண்டாவது ஸ்ட்ரைக்கர் வந்தால், நின்று வேடிக்கை பார்க்கும் ஆள் இன்னொருவர் கூடுவார், அவ்வளவுதான்.

பெஞ்சையும் பாருங்கள். "யாரைப் போட்டிருக்கலாம்" என்று பெயர் சொல்ல முடியாவிட்டால் தாமதக் குற்றச்சாட்டு நிற்காது. வெம்பிளியில் பெஞ்சில் ஆள் இருந்தார்கள், அதனால் நிற்கிறது.

எண்களை எப்படி வாசிப்பது

பந்து வைத்திருந்த சதவீதத்தைப் பார்த்ததும் கொதிக்க வேண்டாம். அந்த இறுதியில் இத்தாலி ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நேரம் பந்தை வைத்திருந்தது. ஷாட்டுகள் 120 நிமிடத்தில் இத்தாலிக்கு 19, இங்கிலாந்துக்கு 6. பார்க்க மோசமாக இருக்கிறது. ஆனால் முன்னிலையில் இருக்கும் எந்த அணியும் சராசரியாகக் கொஞ்சம் பின்வாங்கும், பின்தங்கிய அணி முன்னேறும். கோல் நிலவரம் செய்யும் வேலை அது. ஆகவே மொத்த எண்ணைப் பார்க்காதீர்கள்; நிலவரம் சமமாக இருந்த நிமிடங்களைத் தனியே பிரித்துப் பாருங்கள். 67-க்குப் பிறகு 1-1. இனிப் பின்னால் உட்காரக் காரணமே இல்லை. அப்போதும் ஓர் அணி வெளியே வரவில்லை என்றால் குற்றச்சாட்டுக்கு வலு கூடுகிறது.

பிரஸ்ஸிங்கை, அதாவது பந்து வைத்திருக்கும் எதிரணியை விரட்டி நெருக்குவதை, அளக்க பிபிடிஏ என்ற எண் உண்டு. எதிரணி தன் பக்கத்து 60 சதவீத மைதானத்தில் கொடுத்த பாஸ்களை, அதே பகுதியில் நம் அணி செய்த டாக்கிள், இடைமறிப்பு, ஃபவுல் போன்ற தற்காப்புச் செயல்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு மட்டும் கையால் எண்ணலாம்: 60 பாஸ், 4 செயல் என்றால் 15. பத்துக்குக் கீழே வந்தால் விரட்டிப் பிடிக்கிறார்கள், பதினைந்துக்கு மேல் போனால் நின்று பார்க்கிறார்கள் என்று உத்தேசமாகக் கொள்ளலாம். குறுகிய நேரத்தில் ஒரே ஒரு ஃபவுல் கூட இந்த எண்ணை ஆட்டிவிடும் என்பதால் இரண்டு மூன்று பத்து நிமிடங்களை ஒப்பிடுங்கள்.

எக்ஸ்ஜி, அதாவது ஒரு ஷாட் கோலாகும் வாய்ப்பு, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒரு பெனால்டிக்கே 0.76 முதல் 0.79 வரை போடுகிறார்கள். ஒரே பெனால்டியால் அணியின் மொத்தம் ஏறக்குறைய 0.8 உயர்ந்துவிடும் என்பதால் பெனால்டியைக் கழித்துவிட்டுப் பாருங்கள். ஒவ்வொருவரும் சராசரியாக எங்கே நின்றார் என்று காட்டும் வரைபடங்களை நம்பவே வேண்டாம். இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறி மாறி ஆடிய விங்கரை அது நடுகளத்தில் நிறுத்திக் காட்டும்.

பெனால்டி ஷூட்-அவுட் கணக்கில் சேராது. உத்தி பற்றி அது எதுவும் சொல்லாது. 2021-ல் தவறவிட்ட ராஷ்ஃபோர்டு, சான்ச்சோ, சாகா மூவர்மீதும் இணையத்தில் இனவெறி வசை பாய்ந்தது. அந்தத் தோல்வியின் விடை அவர்கள் காலில் இல்லை, 54-க்கும் 70-க்கும் நடுவே இருந்தது என்பதை ஆட்டத்தை ஒருமுறை எண்ணிப் பார்த்தவர்கூடச் சொல்லிவிடுவார்.

தவறான தீர்ப்பு எங்கே வருகிறது

பெரும்பாலும் முடிவைத் தெரிந்துகொண்டு பார்ப்பதால் வருகிறது. இதற்கு நல்ல மருந்து, அதே பயிற்சியாளர் அதே அமைப்பில் வென்ற ஓர் ஆட்டத்தை அதே நோட்டில் எண்ணுவது. இங்கிலாந்துக்கு அது தயாராகவே இருக்கிறது: 2021 ஜூன் 29, ஜெர்மனிக்கு எதிராக 2-0. அதே வெம்பிளி, அதே மூவர் பின்களம். 75-ல் ஸ்டெர்லிங், 86-ல் கேன். 69-ல் கிரீலிஷ் வந்தார், இரண்டு கோலிலும் அவர் பங்கு இருந்தது. அன்று 75 நிமிடம் வரை கோல் இல்லாததைப் "பொறுமை" என்று புகழ்ந்தவர்கள், பன்னிரண்டு நாள் கழித்து அதே ஏற்பாட்டைக் "கோழைத்தனம்" என்றார்கள். இரண்டு ஆட்டத்தையும் அருகருகே எண்ணினால் கேள்வி வேறாகிவிடும்: முதல் ஆட்டத்தில் நிலவரம் சமமாக இருக்கும்போதே ஆள் மாற்றம் வந்தது. இரண்டாவதில் கோல் வாங்கிய பிறகு வந்தது.

இன்னொரு வகைத் தவறு, எல்லாத் தோல்விக்கும் ஒரே விளக்கம் சொல்வது. 2018 ஜூலை 11, மாஸ்கோ, குரோஷியாவுக்கு எதிரான உலகக் கோப்பை அரையிறுதி. 5-ல் ட்ரிப்பியரின் ஃப்ரீ கிக் கோல், 68-ல் பெரிசிச், 109-ல் மன்ஜுகிச். மேலோட்டமாக வெம்பிளியின் அண்ணன் மாதிரி இருக்கும். எண்ணிப் பாருங்கள்: முதல் பாதியில் கேனுக்குக் கோல் வாய்ப்புகள் வந்தன, ஒன்று கம்பத்தில் பட்டது. அன்று அணி வெளியே வந்தது, முடிக்கவில்லை. இரண்டாம் பாதியில் பக்கவாட்டில் குரோஷிய ஃபுல்-பேக்குகளுக்கு (ஓரப் பின்கள ஆட்டக்காரர்களுக்கு) இடம் கிடைத்தது. பெரிசிச்சின் கோலுக்குக் கிராஸ் அடித்தவர் ரைட்-பேக் விர்சால்கோ. "களைத்த எதிரணி" என்ற வாதமும் எடுபடாது. அதற்கு முந்தைய இரண்டு ஆட்டங்களிலும் பெனால்டி வரை போன குரோஷியா, அன்று 90 நிமிடத்தில் ஒருவரைக் கூட மாற்றவில்லை. இங்கிலாந்தின் முதல் மாற்றம் 74-ல், அதுவும் ஸ்டெர்லிங்குக்குப் பதில் ராஷ்ஃபோர்டு, அமைப்பு மாறவில்லை.

2022 டிசம்பர் 10, பிரான்ஸுக்கு எதிரான உலகக் கோப்பைக் காலிறுதி, 1-2. இதையும் சிலர் அதே பட்டியலில் சேர்ப்பார்கள். சேராது. நான்கு பேர் பின்களம், இரு பக்கமும் சாகா, ஃபோடன், பிரான்ஸைவிட அதிக ஷாட். கேன் ஒரு பெனால்டியைப் போட்டார், 84-ல் கிடைத்த இரண்டாவதை மேலே அடித்தார். நோட்டில் எண்ணினால் பறித்த பந்து வெளியே வந்திருப்பது தெரியும். இந்தத் தோல்விக்கு வருத்தப்படலாம், பயந்தார்கள் என்று சொல்ல முடியாது.

தீர்ப்பு எழுதுவது

கடைசிப் பக்கத்தில் நான்கு தலைப்பு: திட்டம், பதில் நடவடிக்கை, ஆட்டக்காரர் பிழை, எதிரணியின் திறமை. ஒவ்வொரு கோலையும், கோலுக்கு முந்தைய பத்து நிமிடத்தையும் இவற்றில் ஒன்றின் கீழே போடுங்கள். ஒன்றுக்கு மேல் பொருந்தினால் முதலில் நடந்தது எதுவோ அதற்கு. பிறகு ஒரே வாக்கியம், அதில் நிமிடம் கட்டாயம். "சவுத்கேட் பயந்தாங்கொள்ளி" என்பதற்கு எதிராளி "நீ போய்ப் பயிற்சி கொடேன்" என்பார், பேச்சு அத்தோடு முடியும். "54-ல் மன்சீனி ஸ்ட்ரைக்கரை எடுத்த பிறகு மூன்று சென்ட்டர்-பேக்கை 16 நிமிடம் சும்மா நிறுத்தி வைத்தார்" என்றால், பதில் சொல்ல அவரும் ஆட்டத்தை மறுபடி பார்த்தாக வேண்டும்.

பழகிக்கொள்ள 2024 ஜூலை 14, பெர்லின், யூரோ இறுதி, ஸ்பெயின் 2 - இங்கிலாந்து 1. இரண்டு நாளில் சவுத்கேட் பதவி விலகிய ஆட்டம். துண்டுகள்: தொடக்கம் முதல் நிகோ வில்லியம்ஸின் 47-வது நிமிட கோல் வரை, அங்கிருந்து கேனை எடுத்து வாட்கின்ஸைப் போட்ட 61 வரை, பால்மர் களமிறங்கிய 70 வரை, அவர் சமன் செய்த 73 வரை, 73-லிருந்து ஒயார்சபாலின் 86-வது நிமிட கோல் வரை, கடைசி நிமிடங்கள். முதல் பாதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், 73-லிருந்து 86 வரை தொடங்குங்கள். நிலவரம் சமம், புதிய ஆட்கள் மூச்சோடு இருக்கிறார்கள், உற்சாகம் இங்கிலாந்து பக்கம். அந்தப் பதின்மூன்று நிமிடத்தில் பறித்த பந்து ஒவ்வொன்றுக்கும் முன்னால் எத்தனை பேர், முதல் மூன்று நொடியில் யார் ஓடினார், எத்தனை பந்து நடுக்கோட்டைத் தாண்டியது என்று மட்டும் எண்ணுங்கள். பிறகு, அதே அணி 86-க்குப் பிறகு ஒரு கார்னரில் ரைஸின் தலைமுட்டல் தடுக்கப்பட்டு, கெஹியின் தலைமுட்டலைக் கோல் கோட்டில் நின்று ஓல்மோ வெளியேற்றும் அளவுக்கு முன்னேறியதே, அப்போது பந்துக்கு முன்னால் எத்தனை பேர் நின்றார்கள் என்று பார்த்து, இரண்டு எண்களையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்.